சரிவுள்ள ஒன்றேமுக்கால் ஏக்கருக்கு ஒரு புல்வெட்டி வண்டி

வட கரோலைனாவின் கேரி நகரில் டவுன்ஹவுஸில் வாழ்ந்த காலம் முழுவதும் புல் எங்கள் கவலையாக இருந்ததில்லை. வாரந்தோறும் யாரோ வந்து வெட்டிவிட்டுப் போவார்கள். அதற்கான செலவு குடியிருப்போர் சங்கத்தின் மாதச் சந்தாவில் கரைந்துவிடும். நான்கு ஆண்டுகளுக்கு முன் சாட்டம் கவுண்டியில் ஒன்றேமுக்கால் ஏக்கர் மனையோடு ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினோம். ஊர்க்கணக்கில் 175 சென்ட். இவ்வளவு நிலத்தில் கடலை போட்டிருந்தால் மூட்டை மூட்டையாக எடுத்திருக்கலாமே என்று அம்மா தொலைபேசியில் ஆதங்கப்பட்டார். இங்கே நாம் புல்லுக்கு உரமிட்டு வளர்த்து, வளர்ந்ததை வெட்டி, வெட்டியதை அங்கேயே உதிர விடுகிறோம் என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

வீடு, கார் பாதை, பின்புறத்து மரக்கூட்டம் எல்லாவற்றையும் கழித்தால் புல்தரை மட்டும் சுமார் 1.3 ஏக்கர் தேறும். முதல் மாதம் கையால் தள்ளும், 21 அங்குல அகலத்துக்கு வெட்டும் மோவரைக் கொண்டு சமாளிக்கப் பார்த்தேன். சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று. பிறகு ஆள் வைத்தோம். ஒரு முறைக்கு 90 டாலர், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 28 முறை என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,500 டாலர் ஆகிறது. அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்றின் விலையும் ஏறத்தாழ அதுதான் என்று தெரிந்தபோது வாங்கிவிடுவதென்று முடிவு செய்தேன். அந்த முடிவில் பிழையில்லை. எதை வாங்குவது என்பதில்தான் ஒரு முறை ஏமாந்து, இரண்டாம் முறைதான் சரியாகத் தேர்ந்தேன். இப்போது என்னிடம் இருக்கும் ஜான் டீர் எக்ஸ்350 வண்டியைப் பற்றிய மதிப்புரை இது. ஆனால் அதை ஏன் தேர்ந்தேன் என்பதைச் சொல்லாமல் வண்டியைப் பற்றி மட்டும் எழுதினால் வாசிப்பவருக்குப் பயன் பாதிதான்.

முதலில் வாங்கியது பெருங்கடை ஒன்றின் வாசலில் பருவ இறுதித் தள்ளுபடியில் நின்றிருந்த 46 அங்குல வண்டி. அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறை வண்டியைவிட என் தேர்வில்தான் அதிகம் இருந்தது. முன்மூடியில் 22 குதிரைத்திறன் என்று பெரிதாக எழுதியிருந்தது; நான் பார்த்தது அந்த எண்ணையும் விலைச்சீட்டையும் மட்டுமே. முதல் ஆண்டு குறையொன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு ஜூலையில், அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு, ஓடையை ஒட்டிய சரிவில் ஏற முடியாமல் வண்டி திணறத் தொடங்கியது. எஞ்சின் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்க, மிதியை அடிவரை அழுத்தினாலும் சக்கரங்கள் ஊர்ந்தன. ஆற விட்டால் ஏறும். மீண்டும் சூடேறினால் நின்றுவிடும். பழுது பார்ப்பவர் பார்த்துவிட்டு, எஞ்சின் நன்றாக இருக்கிறது, சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் டிரான்ஸ்மிஷன்தான் தேய்ந்துவிட்டது, மாற்றுவதற்குக் கூலியோடு 900 டாலர் ஆகும் என்றார். இருக்கைக்கு அடியில் அப்படி ஒரு உறுப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிய வந்தது.

இன்று வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை ஹைட்ரோஸ்டாட்டிக் வகையைச் சேர்ந்தவை. பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் பூட்டும் கியர் இதில் இல்லை. எஞ்சின் ஒரு பெல்ட்டின் வழியாகச் சிறிய பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தத்தில் இன்னொரு மோட்டார் சுழன்று பின்சக்கரங்களை உருட்டுகிறது. மிதியை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். கிளட்ச்சும் இல்லை, கியர் மாற்றும் குலுக்கலும் இல்லை. ஆனால் ஏற்றத்தில் இழுக்கும்போது எண்ணெய் சூடாகிறது, சூடானால் இளகுகிறது, இளகிய எண்ணெய் பம்பின் இடுக்குகளில் கசிந்து அழுத்தத்தை இழக்கிறது. வீட்டு வண்டிகளுக்கான இந்த உறுப்பைப் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள்தாம் செய்து தருகின்றன: டென்னசி மாநிலத்தின் மோரிஸ்டவுனில் உள்ள டஃப் டார்க், இலினாய் மாநிலத்தின் சல்லிவனில் உள்ள ஹைட்ரோ-கியர். வெளியே பச்சையோ மஞ்சளோ சிவப்போ எந்த வண்ணம் பூசியிருந்தாலும், உள்ளே இருப்பது இவ்விருவரில் ஒருவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே பிராண்டைக் கேட்பதற்கு முன் அந்த வண்டியில் எந்த மாதிரி டிரான்ஸ்மிஷன் பொருத்தியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். விற்பனையாளர் அதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

டஃப் டார்க் கே46 என்ற மாதிரியைப் பற்றி இந்த வட்டாரத்தில் மோவர் வைத்திருக்கும் எவரும் ஒரு கருத்துச் சொல்வார். விலை குறைந்த வண்டிகளில் மிகப் பரவலாகப் பொருத்தப்படுவது அது. ஜான் டீரின் 100 வரிசையிலும் அதைக் காணலாம். அதைக் குப்பை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சமதரையில், ஓர் ஏக்கருக்குள், வாரம் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது நெடுங்காலம் உழைக்கும். அந்த வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டதும்கூட. சரிவில் ஏற்றி இறக்குவது, மண் ஏற்றிய டிரெய்லரை இழுப்பது, மேலே இருக்கும் சிறிய காற்றாடி புல்தூசியால் அடைபட்டிருக்கையில் கோடை வெயிலில் ஓட்டுவது ஆகிய மூன்றும்தான் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. இவ்வகை மூடிய டிரான்ஸ்மிஷன்களில் எண்ணெய் மாற்றுவதற்கு வசதியாகத் திருகாணி கிடையாது; கழற்றி இறக்கினால்தான் முடியும். அதற்கு அடுத்த நிலை வண்டிகளில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றத்தக்கதாக இருப்பதைக் காணலாம். நின்ற இடத்திலேயே திரும்பும் ஸீரோ டர்ன் வண்டிகளில் பொருத்தப்படும் ஹைட்ரோ-கியரின் இசட்டி-2800 அப்படிப்பட்டது. வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டப் போகிறவர் இந்த ஒரு வசதிக்காகவே சில நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம்.

குதிரைத்திறனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்னை ஏமாற்றியது அந்த எண்தான். 1963 ஆம் ஆண்டில் ஜான் டீர் முதன்முதலாக விற்ற 110 என்னும் தோட்ட டிராக்டரில் இருந்தது 7 குதிரைத்திறன் கோலர் எஞ்சின்; அதை வைத்துக்கொண்டு புல்லும் வெட்டினார்கள், தோட்டத்தையும் உழுதார்கள். இன்று வெறும் புல் வெட்டவே 22 வேண்டும் என்கிறார்கள். புல்வெட்டி எஞ்சின்களின் குதிரைத்திறனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்தார்கள் என்று அமெரிக்காவில் பெரும் வழக்கு நடந்து, 2010 இல் 6 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு பல வண்டிகளில் குதிரைத்திறனுக்குப் பதிலாக எஞ்சினின் கன அளவை மட்டும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். டெக் என்பது வண்டிக்கு அடியில் கத்திகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு; 42 அங்குல டெக்கின் கத்திகளைச் சுழற்ற 18 குதிரைத்திறனே போதும். எஞ்சினில் பார்க்க வேண்டியது சிலிண்டர் ஒன்றா இரண்டா என்பதைத்தான்: இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் அதிர்வு குறைவாக, சீராக ஓடும். ஒற்றைச் சிலிண்டர் வண்டி சில நூறு டாலர் மலிவாக இருக்கும். முக்கால் ஏக்கர்க்காரருக்கு அதில் தவறொன்றும் இல்லை.

இரண்டாம் முறை கடைக்குப் போவதற்கு முன் நிலத்தை அளந்தேன். கைப்பேசியிலேயே மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது. நீளமான பலகை ஒன்றைச் சரிவில் கிடத்தி அதன்மேல் கைப்பேசியை வைத்தால் பாகை தெரிந்துவிடும். என் மனையில் முன்பக்கம் 3 பாகை, பக்கவாட்டில் 7, ஓடைப் பக்கம் மட்டும் 12. அமர்ந்து ஓட்டும் வண்டிகளுக்குப் பாதுகாப்பு எல்லையாகக் கையேடுகள் குறிப்பிடுவது பொதுவாக 15 பாகை. ஏறத்தாழ மூன்றே முக்கால் அடி தள்ளிப் போவதற்குள் ஓரடி உயர்ந்தால் அதுதான் 15 பாகை; நின்று பார்க்கும்போது சாதாரணமாகத் தெரியும், உட்கார்ந்து ஓட்டும்போது வயிற்றைக் கலக்கும். இவ்வகை வண்டியைச் சரிவின் குறுக்கே ஓட்டக் கூடாது, மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். கையால் தள்ளும் மோவருக்கு இதற்கு நேர்மாறான விதி. ஓடைக் கரையை ஒட்டிய கடைசி ஆறடியை இன்றும் நான் தள்ளும் மோவரால்தான் வெட்டுகிறேன். எந்த வண்டி வாங்கினாலும் அந்த ஆறடிக்கு அதை இறக்கியிருக்க மாட்டேன்.

அந்த 12 பாகைதான் ஸீரோ டர்ன் வண்டியை என் பட்டியலிலிருந்து நீக்கியது. இரண்டு நெம்புகோல்களைப் பிடித்து, இரண்டு பின்சக்கரங்களையும் தனித்தனியே கட்டுப்படுத்தி, நின்ற இடத்திலேயே திரும்பும் அந்த வண்டியை நண்பர் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஆசை தீரவில்லை. மரங்கள் நிறைந்த மனையில் அது வேலையைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடும் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் அதன் முன்சக்கரங்கள் கடைகளில் பொருள் எடுக்கும் தள்ளுவண்டியின் சக்கரங்களைப் போலத் தாமாகச் சுழல்பவை. வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் வேலை. ஈரப் புல்லில் அவை வழுக்கினால் திருப்பும் வசதியும் நிறுத்தும் வசதியும் ஒரே நேரத்தில் போய்விடும். மழை பெய்த மறுநாள் எங்கள் செம்மண் களிமண்ணாக வழுக்கும் என்பதையும் கீழே ஓடை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நேரம் மிச்சமாகிறதென்று அதை வாங்க மனம் ஒப்பவில்லை. ஸ்டியரிங் சக்கரம் வைத்து, முன்சக்கரங்களும் திரும்பும்படி கப் கேடட் செய்திருக்கும் ஸீரோ டர்ன் சரிவில் இதைவிட அடங்கி நடக்கிறது. விலைதான் என் வரவுசெலவுக்குள் வரவில்லை. மனை சமதளமாக இருந்து, மரங்களும் பூப்பாத்திகளும் நிறைய இருந்தால், 3,000 டாலரை ஒட்டிக் கிடைக்கும் தொடக்கநிலை ஸீரோ டர்ன்தான் என் பரிந்துரையாக இருக்கும். டோரோவின் டைம்கட்டரும் கப் கேடட்டின் அல்டிமா வரிசையும் பார்க்கத் தக்கவை.

அகலம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 42 அங்குலம் என்றால் மூன்றரை அடி. மணிக்கு 4 மைல் என்பது 21,120 அடி. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 74,000 சதுர அடி. ஒன்றன்மேல் ஒன்று படியும் வரிசைகளுக்கும் திரும்பும் நேரத்துக்குமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 59,000. ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதால், மணிக்கு ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். என் புல்தரைக்கு ஒரு மணி நேரம் போதும்; மரங்களைச் சுற்றுவதால் நடைமுறையில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. 54 அங்குல வண்டி என்றால் அதில் கால் மணி நேரம் மிச்சமாகும். ஆனால் அகலமான டெக் மேட்டுத்தரையில் புல்லை மொட்டையடித்து மண்ணைச் சுரண்டும், பள்ளத்தில் வெட்டாமல் விடும். அகலத்துக்கு ஏற்ற சமதளம் நம்மிடம் இருக்க வேண்டும். வாயிற்கதவையும் அளந்துகொள்ள வேண்டும். 42 அங்குல வண்டி என்பது கத்தி வெட்டும் அகலம் மட்டுமே. புல் வெளியே வரும் பக்கவாட்டு மடலோடு சேர்த்தால் 50 அங்குலத்தைத் தாண்டும். எங்கள் பின்வேலிக் கதவு 48 அங்குலம். ஒவ்வொரு முறையும் இறங்கி, மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டியிருக்கிறது என்பது நான் எதிர்பாராத சிறிய தொல்லை.

டெக்கின் தகடு எவ்வளவு தடிமன் என்பதைக் கேஜ் என்னும் எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 13 கேஜ் என்றால் 2.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 10 கேஜ் என்றால் 3.4 மில்லிமீட்டர். ஒரே தகட்டை அச்சில் அழுத்திச் செய்த டெக் ஒரு வகை, தடித்த தகடுகளை வெட்டிப் பற்றவைத்தது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் உயர்ந்தது என்று விற்பார்கள். கல்லும் கட்டையும் நிறைந்த நிலத்துக்கு அது உண்மை. வெட்டின் அழகைப் பொறுத்தவரை, அழுத்திச் செய்த டெக்கின் வளைந்த உட்புறத்தில் காற்றோட்டம் சீராக இருப்பதால், வீட்டுப் புல்தரைக்கு அது சளைத்ததன்று என்பதே என் அனுபவம். ஈரப்புல் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் டெக்கின் ஆயுள் இருக்கிறது.

மின்கல வண்டிகளையும் விட்டுவைக்கவில்லை. ஈகோவின் 56 வோல்ட் இசட்6, ரியோபியின் 80 வோல்ட் வண்டி இரண்டும் பெருங்கடைகளில் பார்வைக்கு இருக்கின்றன. சத்தமில்லை, எண்ணெய் மாற்ற வேண்டாம், பெல்ட்டும் இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓட்டினாலும் அண்டை வீட்டார் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் 42 அங்குல ஈகோ வண்டி 5,000 டாலரை ஒட்டி விற்கிறது. பாட்டரிகளை அதே நிறுவனத்தின் மற்ற கருவிகளிலும் மாற்றி மாற்றிப் போடலாம் என்பது உண்மையான வசதி. ஏற்கெனவே அந்தக் கருவிகள் வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறாகலாம். பழைய வண்டியைச் சரிசெய்ய 900 டாலர் என்றதற்கே மலைத்த எனக்கு அது எட்டவில்லை.

ஆக, என் முன் எஞ்சியவை இரண்டு. ஒன்று, 2,000 முதல் 2,500 டாலருக்குள் புதிதாக ஒரு தொடக்கநிலை லான் டிராக்டர், அதாவது ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் வழக்கமான புல்வெட்டி வண்டி: ஜான் டீரின் எஸ்120 போன்றவை, அல்லது கப் கேடட்டின் எக்ஸ்டி1. இரண்டில் சமதரைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால் எக்ஸ்டி1 வரிசையை முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மூன்றாண்டு உத்தரவாதத்தில் மணிக்கணக்கு வரம்பு இல்லை. ஜான் டீரின் 100 வரிசைக்கு இரண்டாண்டு அல்லது 120 மணி நேரம், எது முன்னால் வருகிறதோ அதுவே. இங்கே கடைத்தெருவின் உறவுமுறை ஒன்றையும் சொல்ல வேண்டும். கப் கேடட், ட்ராய்-பில்ட் ஆகியவற்றைச் செய்யும் ஒகையோவின் எம்டிடி நிறுவனத்தை 2021 இல் ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் முழுமையாக வாங்கிவிட்டது. சியர்ஸ் கடைத்தொடரிடமிருந்து கிராஃப்ட்ஸ்மேன் என்னும் கருவிப் பெயரை 2017 இலேயே வாங்கியதும் அவர்களே. பெயர் மூன்று என்றாலும் குடும்பம் ஒன்று. விலை வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை இருக்கை, டிரான்ஸ்மிஷன், முன்அச்சு ஆகியவற்றைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு வழி, அதே பணத்துக்கு ஒரு படி மேலான வண்டியைப் பழையதாக வாங்குவது. புதிதாக வாங்கினால் எக்ஸ்350 விலை 4,000 டாலர் அளவில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு டீலரிடம், மணிக்காட்டியில் 140 மணி நேரம் ஓடிய இரண்டாண்டு வண்டி 2,700 டாலருக்கு நின்றது. வயதாகி வீட்டை விற்றுவிட்டு அடுக்ககத்துக்குப் போன ஒருவர் விட்டுச்சென்றதாம். எஞ்சின் இரட்டைச் சிலிண்டர் கவாசாகி, 18.5 குதிரைத்திறன். முதல் வண்டியைவிட மூன்றரைக் குதிரை குறைவு என்பதைப் பார்த்து மனைவி சிரித்தார்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் பழைய வண்டியிலும் பார்க்க வேண்டியவை உண்டு. முன்கூட்டியே சூடாக்கி வைக்காமல் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். கத்திகளைச் சுழலவிட்டு, அவற்றைத் தாங்கிச் சுழலும் ஸ்பிண்டில்களில் உறுமல் கேட்கிறதா என்று கவனித்து, பிறகு எஞ்சினை நிறுத்தித் தீப்பொறி பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டுக் கத்தியை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் பேரிங் தேய்மானம் கையிலேயே தெரியும். டெக்கின் அடியில் பழைய புல்லைச் சுரண்டித் துருவைப் பார்க்க வேண்டும். புதுப் பெயிண்டு அடித்திருந்தால் சந்தேகம் கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றிய பிறகு ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பார்ப்பது. டீலரின் மனைக்குப் பின்னால் சாலைக்கரை மேடு ஒன்று இருந்தது. அதன் நடுவில் நிறுத்தி, மீண்டும் மிதியை மெதுவாக அழுத்தி ஏற்றினேன். தயங்காமல் ஏறியது. அந்த ஓர் ஏற்றத்தைப் பார்த்துத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டு பருவம் ஓட்டியாகிவிட்டது. எங்கள் தரையில் இருப்பது டால் ஃபெஸ்க்யூ என்னும் புல்வகை. கோடையில் அதைத் தாழ வெட்டினால் வேர் காய்ந்துவிடும் என்பதால் மூன்றரை அங்குலத்தில் வைத்துத்தான் வெட்டுகிறேன். டெக் ஆழமானது, மே மாதத்தில் ஒரு வாரம் தவறி முழங்காலுக்குக் கீழ்வரை வளர்ந்த புல்லையும் திணறாமல் விழுங்கிப் பக்கவாட்டில் சீராகப் பரப்பியது. முன்னே போகவும் பின்னே வரவும் அருகருகே இரண்டு மிதிகள் இருப்பதால் மரங்களைச் சுற்றும்போது கை ஸ்டியரிங்கை விட வேண்டியதில்லை. ஜூலை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் ஓடைச் சரிவில் வேகம் குறையவில்லை. பழைய வண்டியில் நான் இழந்தது அதைத்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பின்னோக்கி ஓட்டும்போது கத்திகள் தாமாக நின்றுவிடும்; வெட்டிக்கொண்டே பின்னால் வர வேண்டுமானால் தனிப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னால் குழந்தை நிற்பது தெரியாமல் நடந்த விபத்துகளுக்காக ஏற்பட்ட பாதுகாப்பு இது. அதை வயரை மாற்றி முடக்கிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு என்றாலும், வீட்டில் பிள்ளைகள் இருக்கும் எவரும் அதைத் தொட வேண்டாம். ஆனால் அந்தப் பொத்தானைக் கைக்கு எட்டும் வசதியான இடத்தில் வைத்திருக்கலாம். புல்லை நுணுக்கி மண்ணிலேயே உரமாக விழச் செய்யும் மல்ச்சிங் அமைப்பும், இலைகளை வாரிச் சேர்க்கும் பையும் தனியே வாங்க வேண்டியவை. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே அங்குசத்தின் விலை பல நூறு டாலர். மல்ச்சிங் அமைப்பை வாங்கினேன், பையை வாங்கவில்லை. இலையுதிர் காலத்தில் ஸ்வீட்கம் மரத்தின் முள்ளுக்காய்கள் தரையெங்கும் கொட்டிக் கிடக்கும்போது அந்தப் பையை நினைத்துக்கொள்வேன்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 35 மணி நேரம் ஓடுகிறது. எண்ணெய், வடிகட்டிகள், பிளக், ஓராண்டு விட்டு ஓராண்டு ஒரு ஜோடிக் கத்தி என்று எல்லாம் சேர்த்து, நானே மாற்றிக்கொள்வதால், ஆண்டுக்கு 100 டாலரைத் தாண்டவில்லை. பெட்ரோல் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இங்கே பம்புகளில் 88 என்ற எண்ணோடு சில காசு மலிவாகக் கிடைப்பதில் 15 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கும். காருக்குப் போடலாம், இவ்வகைச் சிறு எஞ்சின்களுக்குப் போடக் கூடாது. பத்து விழுக்காட்டைத் தாண்டாததையே போட்டு, நவம்பரில் வண்டியை மூடி வைப்பதற்கு முன் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்டால், மார்ச்சில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவும் வேலை மிச்சமாகும். டிரான்ஸ்மிஷன் மேலிருக்கும் காற்றாடியை ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன். மூன்று நிமிட வேலை. முதல் வண்டிக்கு நான் ஒருநாளும் செய்யாதது.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர் பெருங்கடையில் வாங்குவதா டீலரிடம் வாங்குவதா என்று தயங்குகிறார். மாதிரி எண் ஒன்றாக இருந்தால் வண்டியும் ஒன்றுதான். பெருங்கடைக்கென்று தரம் குறைத்துச் செய்கிறார்கள் என்ற பேச்சுக்கு அடிப்படையில்லை. வேறுபாடு கையளிக்கும் விதத்தில் இருக்கிறது. டீலர் சக்கரங்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, டெக்கை மட்டம் பிடித்து, ஓட்டிக் காட்டித் தருவார். பெருங்கடை வாசலில் நிற்கும் வண்டியில் ஒரு சக்கரத்தில் காற்று கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருக்கக்கூடும். டெக் ஒருபக்கம் சாய்ந்து, புல்தரையில் படிக்கட்டுப்போல வரிகள் விழும். அழுத்தமானியும் அளவுகோலும் வைத்துக்கொண்டு இதை வீட்டிலேயே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். ஆனால் உத்தரவாத காலத்தில் பழுதானால் எங்கே வாங்கியிருந்தாலும் டீலரிடம்தான் போக வேண்டும். வசந்தகாலத்தில் அவரிடம் மூன்று வாரம் வரிசை நிற்கும். வண்டியை வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வாரா, அதற்கு எவ்வளவு வாங்குவார் என்பதை வாங்கும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். என் டீலர் 75 டாலர் கேட்கிறார். இதுவரை கொடுக்கவில்லை.

பழைய வண்டியை விற்கும்போது டிரான்ஸ்மிஷன் பழுதை மறைக்காமல் சொல்லி 350 டாலருக்குக் கொடுத்தேன். வாங்கியவர் தம்முடைய நிலம் மேசை போலச் சமமானது என்றார். இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாராம்.